இரு முனையிலும் எழுதிய ஏடு

தாமஸ் ஹார்டியை நாவலாசிரியராகவும் கவிஞராகவும் அறிந்தோர் பலர். பிடில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என அறிந்தோர் சிலரே. இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள ஸ்டின்ஸ்ஃபோர்டு தேவாலயத்தில் அவருடைய பாட்டனார் செல்லோ வாசித்தார். தந்தையும் தந்தையின் சகோதரரும் பிடில் வாசித்தனர். வழிபாட்டுக்கு இசைத்த அதே கைகள் திருமண வீடுகளில் நடனத்துக்கும் இசைத்தன.

இத்தகைய குழுவினரைப் பற்றி ஹார்டி 1872இல் 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ' நாவலை வெளியிட்டார். 1896ஆம் ஆண்டு முன்னுரையில் அவர்களுடைய இசையேடுகளைக் குறிப்பிடுகிறார். பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் அமர்ந்து தம் கையாலேயே படியெடுத்தவை அவை, கட்டடமும் வீட்டிலேயே. ஒரு முனையிலிருந்து துதிப்பாடல்கள். ஏட்டைத் திருப்பிப் பிடித்தால் மறுமுனையிலிருந்து ஜிக், ரீல், ஹார்ன்பைப் என்னும் நடன மெட்டுகள். எழுத எழுத, தெய்வமும் களிப்பும் நடுப்பக்கத்தில் சந்தித்துக்கொண்டன!

இவ்வாறான ஏடுகள் இங்கிலாந்தில் பல குடும்பங்களில் எஞ்சின. பாட்டனார் கையெழுத்தில் இருக்கும் மெட்டு பாட்டனார் இயற்றியதே எனப் பேரர் கருதுவது இயல்பு. ஆனால் மூலம் தேடிச் செல்வோரை அம்மெட்டு பெரும்பாலும் வேறிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 'ஹேஸ்ட் டு த வெட்டிங்' என்னும் புகழ்பெற்ற மெட்டு, 1767இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்த 'த எலோப்மென்ட்' என்ற கேளிக்கை நாடகத்தோடு தொடர்புடையது. 'ஃபேரி டான்ஸ்' ஸ்காட்லாந்தின் நேதானியல் கோ 1802 அளவில் இயற்றியது. ஊர் ஏடுகளில் மெட்டின் பெயர் நின்றது. ஆக்கியவர் பெயர் உதிர்ந்தது.

அதனால் ஊரார் வெறும் படியெடுப்போர் ஆகிவிடுவரா? ஆகார். அச்சு நூலில் உள்ள பிழை ஏட்டிலும் அப்படியே இருந்தால் பார்த்தெழுதியது எனலாம். மெட்டு ஓரிடத்தில் வேறாகத் திரும்பினால், செவியால் கற்று விரலுக்கேற்ப மாற்றியது என ஐயுறலாம். அந்தத் திருப்பமே அவ்வூராரின் படைப்பு. மூலத்தை மட்டும் தேடுவோர் அதைப் பிழையென்று தள்ளிவிடக்கூடும். அதுதான் பெரிய இழப்பு.

ஹார்டி பிறந்தது 1840இல். நினைவு தெளியுமுன்பே ஸ்டின்ஸ்ஃபோர்டு குழு கலைந்துவிட்டது. தேவாலய இசையை அவர் பெரியோர் சொல்லக் கேட்டே எழுதினார். நடன மெட்டுகளையோ, சிறுவனாகத் தந்தையோடு சென்று தாமே வாசித்தார்.