நீலகிரி ஓடைகளும் டிரவுட் மீனும்

நீலகிரியின் மேட்டு ஓடைகளில் வாழும் டிரவுட் மீன் அம்மலைக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு ஆறுகளில் பழகிய தூண்டில் பொழுதுபோக்கை இங்கும் தொடர விரும்பியதால் கடல் கடந்து வந்தது. அதை நிலைபெறச் செய்ய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனதற்கு ஆர்வக்குறைவு காரணமன்று. முட்டைகள் கடந்து வந்த வழியின் வெப்பமும், குஞ்சுகள் விடப்பட்ட நீரின் வெப்பமுமே பெருந்தடைகளாக இருந்தன.

டிரவுட் குளிர்நீர் மீன். ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் அது நன்கு இரை தேடி வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் சோர்வுறும். 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏற மீனின் உயிர்வளித் தேவை கூட, நீரில் கரையும் உயிர்வளியோ குறைந்துகொண்டே போவது இதற்கு முதற்காரணமாகும். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும் என்றால், 30 டிகிரி நீர் எட்டுக்கும் குறைவாகவே தாங்கும். முட்டையின் வளர்ச்சியும் வெப்பநிலையைப் பொறுத்ததே. வானவில் டிரவுட்டின் முட்டை 10 டிகிரியில் பொரிய ஒரு மாதம் அளவில் ஆகும். நீர் குளிர்ந்தால் இக்காலம் நீளும், வெதுவெதுப்பானால் சுருங்கும், மிகுந்தால் கரு அழியும்.

மதராஸ் படைப்பிரிவில் மருத்துவராக இருந்தவரும் பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவருமான ஃபிரான்சிஸ் டே, 1863-லும் 1866-லும் டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். இதே காலத்தில், 1864-ல், ஜேம்ஸ் யூல் என்பவர் ஈரப்பாசியில் பொதிந்த முட்டைகளைக் கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்து, இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை உயிருடன் சேர்ப்பித்தார். குளிர்ச்சியால் கருவின் வளர்ச்சியை மெதுவாக்கி, பயணம் முடியும்வரை பொரிக்காமல் காப்பதே அம்முறையின் உட்பொருள். தென்கோளத்தின் டிரவுட் வரலாறு இந்த ஒரு நுட்பத்தின் மேல்தான் எழுந்தது என்றால் மிகையாகாது.

நீலகிரியில் முதலில் வேர்கொண்டவை ஏரிமீன்களே. 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்த உதகை ஏரி, ஓட்டமற்று வெயிலில் எளிதாகச் சூடேறும் நீர்நிலை. அரசுத் தோட்டக் கண்காணிப்பாளர் மக்கைவர் போன்றோர் கொணர்ந்த டென்ச், கெண்டை இனங்கள், வெதுவெதுப்பையும் உயிர்வளிக் குறைவையும் பொறுக்கக் கூடியவையாதலால் அங்குப் பெருகின. டிரவுட்டுக்கோ கூழாங்கல் படுகையும் ஓடும் குளிர்நீரும் இன்றி இனப்பெருக்கம் இல்லை. 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் மீன்பிடிப்பை நெறிப்படுத்த வழிசெய்தது. ஆனால் சட்டத்தால் நீரைக் குளிர்விக்க இயலாது.

திருப்பம் ஹென்றி சார்ல்டன் வில்சனால் வந்தது. மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு வல்லுநரான அவர், உதகையின் தென்மேற்கே சோலைக்காடுகள் நிழல் செய்யும் அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் அமைத்து, அடுத்த சில ஆண்டுகளில் இலங்கை, நியூசிலாந்து முதலிய இடங்களிலிருந்து பெற்ற வானவில் டிரவுட்டை ஓடைகளில் பரப்பினார். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த இவ்வினம், ஐரோப்பியப் பழுப்பு டிரவுட்டைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தாங்கும். ஆங்கிலேயர் தம் ஊர் மீனையே நாடி நின்றிருந்தால் வெற்றி இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

பின்னர்க் குந்தா மின்திட்டத்தின் அணைகள் அவலாஞ்சி, எமரால்டு ஓடைகளைத் தேக்கங்களாக்கின. ஆழ்ந்த தேக்கத்தில் வெயிற்காலத்தில் சூடான இலேசான நீர் மேலும், குளிர்ந்த கனமான நீர் கீழுமாக அடுக்குப் பிரியும். டிரவுட் கீழடுக்கை நாடினாலும் அங்கு உயிர்வளி குன்றினால் தங்க இயலாது. ஆகவே நீலகிரி மீன்பிடிப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர், வேட்டைச் சங்கப் பதிவுகளோடு நின்றுவிடாமல், ஓடைகளின் பழைய வெப்பநிலைக் குறிப்புகளையும் தேடித் தொகுக்க வேண்டும்.