அளிக்கம்பைக் குறவர்

இலங்கையின் கிழக்கே, அக்கரைப்பற்றிலிருந்து உட்புறமாக அமைந்த அளிக்கம்பைக் கிராமத்தில் வாழும் தெலுங்கு பேசும் மக்கள். இன்று இவ்வூர் அம்பாறை மாவட்டம், ஆலையடிவேம்புப் பிரதேசத்துக்கு உட்பட்டது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை மட்டக்களப்போடு சேர்ந்திருந்தது. தமிழர் இவர்களைக் குறவர் என்றும் சிங்களவர் அகிகுண்டிக என்றும் அழைத்தனர். ஆங்கிலேயர் ஜிப்சிகள் என்று எழுதிவைத்தனர். ஐரோப்பாவில் அப்பெயரால் அழைக்கப்பட்ட ரோமா மக்கள் பேசும் ரோமானி இந்தோ-ஆரிய மொழி. இவர்கள் பேசுவது திராவிட மொழி. இரு சாராருக்கும் இன உறவு கிடையாது. ஆனால் இருவரும் ஊராரிடம் பட்ட பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த இவர்களின் முன்னோர் கழுதைகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். குளக்கட்டிலோ அறுவடை முடிந்த வயலிலோ தாளிப்பனை ஓலையால் கூடாரம் அடித்துச் சில நாள் தங்குவார்கள். ஆண்கள் பாம்புப்பெட்டியும் மகுடியுமாகவோ குரங்கோடோ வீட்டு முற்றங்களில் வித்தை காட்டினர். பெண்கள் கைரேகை பார்த்தனர், பச்சை குத்தினர். கூலியாகக் கிடைத்தது நெல், அரிசி, பழைய சேலை. குறத்தி சொல்லும் குறி பலிக்கும் என்று நம்பிக் கையை நீட்டியவர்களே, அவள் திண்ணையில் ஏறினால் பொறுக்கமாட்டார்கள். கோழி காணாமற்போனால் முதற் சந்தேகம் கூடாரத்தின் மீதே விழும். மண்டூரிலும் திருக்கோவிலிலும் முருகனை வணங்கும் நாடு இது. வள்ளியைக் குறமகள் என்று பாடிக் கும்பிடும் ஊர்களில் குறத்தியைப் படலைக்கு வெளியே நிறுத்தியதை வழமை என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

அரசும் இவர்களை நம்பவில்லை. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் நிலையான இருப்பிடமோ தொழிலோ இல்லாதவரைக் குற்றவாளியாகப் பார்த்தது. இந்தியாவில் 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக் குறவர் மீதும் பாய்ந்தது; நாடு முழுவதும் 1952இல்தான் நீக்கப்பட்டது. இலங்கையில் அப்படியொரு சட்டம் இயற்றப்படவில்லை. என்றாலும் 1937இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாம்பு பிடிப்பதைக் கடினமாக்கின. காட்டைக் காக்கும் சட்டம் தேவையானதுதான். தொழிலை இழந்தவருக்கு மாற்று வழி காட்டியிருக்க வேண்டும் என்பதே குறை. 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது இன்னொரு தடையும் முளைத்தது: அதற்குத் தேவையான பிறப்புப் பதிவு கூடாரத்தில் பிறந்த பிள்ளைக்கு எங்கே இருக்கும்?

இந்நிலையில் இம்மக்கள் கண்ட வழிகளில் முதன்மையானது குடியேற்றம். கத்தோலிக்க குருமாரின் பணியோடு அளிக்கம்பை நிலையான ஊராயிற்று. தேவாலயமும் தமிழ்ப் பாடசாலையும் எழுந்தன. இதே மக்களின் இன்னொரு பிரிவினர் தம்புத்தேகமைக்கு அண்மையிலுள்ள குடாகமையில் குடியேறிப் பௌத்தராகிச் சிங்களம் பயின்றனர். பிற்காலத்தில் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பலர் சேர்ந்தனர். இம்மதமாற்றத்தைச் சலுகைக்காகச் செய்தது என்று இகழ்வோர் உண்டு. இகழ்ச்சியின்றிப் பக்கத்தில் அமர இடம் தந்த சபையை நாடிப் போவது மனித இயல்பு.

அலைவதால்தான் இழிவு என்று சொல்லிவந்தவர்களின் கூற்று குடியேற்றத்துக்குப் பிறகு பொய்த்துவிட்டது. வீடும் முகவரியும் வந்த பின்னும் ‘குறவர்’ என்ற சொல் வசையாகவே நீடிக்கிறது. பாம்புப்பெட்டியைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகளுக்கும் அந்த வசை தப்புவதில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும் சாதி, இன, மொழிப் பாகுபாட்டை விலக்குகின்றன. ஆனால் குடிசன மதிப்பீட்டில் இவர்களுக்குத் தனிப் பிரிவு இல்லை. எத்தனை பேர் என்று அறியாத அரசு அவர்களுக்கு என்ன திட்டம் வகுக்கும்?

குலத்தின் வழக்குகளைப் பேசித் தீர்த்த ‘வரிக சபை’ என்னும் கூட்டம் 2011இல் குடாகமையில் மீண்டும் கூட்டப்பட்டது. முன்பு தண்டமும் திருமணத் தகராறும் விசாரித்த சபை, இம்முறை பண்பாட்டையும் வாழ்வாதாரத்தையும் பற்றி வெளியுலகோடு பேசும் மேடையாயிற்று. பிறர் எழுதிய வரலாற்றில் வித்தை காட்டுவோராக மட்டும் இடம்பெற்றவர்கள் தங்களுக்கு என்ன வேண்டுமென்று தாமே சொன்னது இச்சமூகத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம். கழுதையும் கூடாரமும் போய்விட்டன, மகுடி அருகிவிட்டது. அளிக்கம்பையார் தமிழும் குடாகமையார் சிங்களமும் படித்தாலும், இரு ஊராருக்கும் பொதுமொழி எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படாத அந்த வீட்டுத் தெலுங்குதான்.