பெருநீல வண்ணத்துப்பூச்சி: அழிவும் மீட்சியும்

ஓர் உயிரினத்தைக் காக்க விரும்புதல் ஒன்று. காக்கும் வழியை அறிதல் பிறிதொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதற்கு இங்கிலாந்தின் பெருநீல வண்ணத்துப்பூச்சியின் வரலாறு தக்க சான்றாகும். பல்லாண்டுகளாக அறிஞரும் ஆர்வலரும் அதனைப் பேண முயன்றனர். அம்முயற்சிகள் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1979ஆம் ஆண்டில் அஃது அந்நாட்டில் முற்றாக அற்றுப்போயிற்று.

கருநிறப் புள்ளிகள் பொருந்திய நீலச் சிறகுகளையுடைய இவ்வினம் இங்கிலாந்தில் உள்ளமையை 1795இல் வில்லியம் லூயின் என்பார் தம் நூலில் வெளியிட்டார். கொற்ஸ்வோல்ட் குன்றுகள், சொமசெற், டெவன், கோண்வால் ஆகிய பகுதிகளின் புற்சரிவுகளே அதன் உறைவிடங்கள். பூச்சிகளைப் பிடித்துப் பேழைகளிற் சேர்த்து வைத்தல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரிடையே பெருவழக்காயிருந்தது. அரிய இனமாகிய பெருநீலத்தைப் பெறுதற்குச் சேகரிப்போர் போட்டியிட்டனர். ஆதலின், ஓரிடத்தில் அது மறையுந்தோறும் பழி அவர்கள்மேலேயே சுமத்தப்பட்டது.

இதன் வாழ்க்கை முறை நெடுங்காலம் ஒரு புதிராகவே இருந்தது. கோடையிலே தாய்ப்பூச்சி காட்டுத் தைம் என்னும் நறுமணச் செடியின் மொட்டுகளில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் அப்பூவை உண்டு, பின்னர் நிலத்தில் வீழ்ந்து காணாமற்போகும். அதன்பின் யாது நிகழ்கின்றது என்பதை ஒருவரும் அறிந்திலர். சப்மன், பியூர்போய், புரோஹோக் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்த்திய ஆராய்ச்சிகளால் உண்மை புலப்பட்டது. வீழ்ந்த புழு இனிய நீரொன்றைச் சுரக்கின்றது. சிவப்பெறும்பு அதனைத் தன் இனத்துக் குடம்பியென மயங்கிப் புற்றினுள் தூக்கிச் செல்கின்றது. அங்கே ஒன்பது பத்து மாதங்கள் தங்கும் புழு, தன்னைப் பேணும் எறும்பின் குடம்பிகளையே உண்டு பருக்கின்றது. பின்னர்க் கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடையிலே சிறகு விரித்து வெளிவருகின்றது.

இவ்வளவு அறிந்தும் அழிவு நிற்கவில்லை. சில வாழிடங்கள் வேலியிட்டுக் காக்கப்பட்டன, சேகரிப்போர் தடுக்கப்பட்டனர். 1975இல் இயற்றப்பட்ட சட்டம் பெருநீலத்தைப் பிடித்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும், 1950களில் ஏறத்தாழ முப்பது இடங்களில் வாழ்ந்த இனம் 1970களின் தொடக்கத்தில் ஓரிரு இடங்களுக்குள் ஒடுங்கிவிட்டது. காவல் மிகுந்த இடங்களிலும் அது குறைந்தது. தைம் செடியும் இருந்தது, சிவப்பெறும்பும் இருந்தது. குறை எங்கே என்பதே வினாவாயிற்று.

அவ்வினாவிற்கு விடை கண்டவர் ஜெரமி தோமஸ் என்னும் ஆராய்ச்சியாளர். எஞ்சிய பூச்சிகள் வாழ்ந்த சரிவிலே அவர் 1972 முதல் தங்கி, முட்டை முதல் சிறகுப் பருவம் வரை ஒவ்வொரு நிலையிலும் எத்துணை உயிர்கள் மடிகின்றன எனக் கணக்கிட்டார். சிவப்பெறும்புகளுட் பல இனங்கள் உள. அவை யாவும் புழுவைத் தூக்கிச் செல்லும். ஆயின், மிர்மிகா சபுலெட்டி என்னும் ஓரினத்தின் புற்றிலேதான் புழு செவ்வனே பிழைக்கின்றது. அவ்வெறும்போ வெப்பத்தை நாடுவது. புல் மிகக் குறுகியிருந்தால் வெயில் நிலத்தைச் சுடும். அங்கே அது செழிக்கும். புல் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் உயரின் நிலம் குளிர்ந்துவிடும். பிறிதோர் எறும்பினம் அவ்விடத்தைக் கைப்பற்றிக் கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு நிலம் முன்போலவே பசுமையாய்த் தோன்றும். பெருநீலத்துக்கோ அது பாழ்நிலமாகும்.

புல் உயர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. செங்குத்தான சரிவுகளில் ஆடுமாடு மேய்த்தல் இலாபமற்றதென உழவர் அதனைக் கைவிட்டனர். 1953இல் பிரித்தானியாவை வந்தடைந்த மிக்சோமற்றோசிசு என்னும் நோய், புல்லைக் கொறித்துக் குறுக்கிவந்த முயல்களுட் பெரும்பாலானவற்றைச் சில ஆண்டுகளுள் மாய்த்தது. இவற்றோடு காவலும் கேடாயிற்று. சேகரிப்போரைத் தடுக்க நாட்டிய வேலி, மேயும் விலங்குகளையும் தடுத்துவிட்டது. காக்க வேண்டுமென்று செய்த செயலே அழிவை விரைவாக்கிற்று.

உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. எஞ்சிய சிறு கூட்டத்தை 1976ஆம் ஆண்டின் கடும் வறட்சியும் தாக்கியது. மூன்றாண்டில் இனம் அற்றது. எனினும், பெற்ற அறிவு வீண்போகவில்லை. புதர்கள் வெட்டப்பட்டன, சரிவுகளில் மீண்டும் கால்நடைகள் மேய்ந்தன, எறும்பு திரும்பிப் பெருகியது. 1983இல் சுவீடன் நாட்டு ஓலண்ட் தீவிலிருந்து பெருநீலம் கொணரப்பட்டு இங்கிலாந்தில் விடப்பட்டது. பின்னர் சொமசெற் பகுதிக் குன்றுகளிலும் அது குடியேற்றப்பட்டு நிலைகொண்டது. தோமசும் அவருடன் உழைத்தோரும் இம்முயற்சியின் முடிபுகளை 2009இல் வெளியிட்டனர். கொற்ஸ்வோல்ட் பகுதியைச் சார்ந்த ரொட்பரோ பொதுவெளியில் 2019இல் 1,100 புழுக்கள் விடப்பட, அடுத்த கோடையில் ஏறக்குறைய 750 வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சேகரிப்போரின் பேராசை பொய்யன்று. ஆயின், அதுவே அழிவின் முதற்காரணமென நம்பியமையால் மெய்க்காரணம் நெடுங்காலம் தேடப்படவில்லை. பகைவன் இன்னானெனத் துணிந்துவிட்ட மனம் ஆராய்தலை நிறுத்திவிடுகின்றது. மேலும், மனிதன் கைபடாது விடுதலே இயற்கையைக் காக்கும் வழியென்னும் எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. இடையனும் அவன் மந்தையும் நூற்றாண்டுகளாகத் தாமறியாமலே பேணிவந்த வாழிடம் அது. அவர்கள் நீங்கவே அதுவும் நீங்கியது. பூச்சியைக் காக்கப் புகுவோர் எறும்பை அறிதல் வேண்டும். எறும்பை அறியப் புகுவோர் புல்லின் உயரத்தை அளத்தல் வேண்டும். அன்பு காவலுக்குத் தொடக்கமே. அறிவு துணைநின்றாலன்றி அது பயன் தருவதில்லை.