நெய்வேலி: பழைய படங்களும் படத்தில் விழாத வரலாறும்

கடலூர் மாவட்டத்தில், வடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கும் நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் பெயர் பெற்ற சுரங்க நகரம். சுரங்கம், அனல்மின் நிலையம், எண்ணிட்ட வட்டங்களாகப் பிரித்துக் கட்டிய டவுன்ஷிப் ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த ஊர், சுதந்திர இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் அடிக்கடி படம் பிடிக்கப்பட்ட தமிழக இடங்களுள் ஒன்று. பிரதமர் வந்த நாள், ராட்சதச் சக்கரம் மண்ணை வெட்டும் காட்சி, புகைபோக்கிகளின் வரிசை என்று கறுப்பு வெள்ளைப் படங்கள் பாடநூல்களிலும் மலர்களிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அந்தப் படங்களில் முன்னால் நிற்பது கரி. ஆனால் நெய்வேலியின் கதையைத் தொடங்கிவைத்ததும், கரியை எடுக்கவிடாமல் இழுத்தடித்ததும், இன்றுவரை வயல்வரப்பில் சண்டையாக நீள்வதும் தண்ணீர்தான். பழைய படங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டிய, அதிகம் பேசப்படாத செய்திகளை இக்கட்டுரை தருகிறது.

கேமரா வருவதற்கு முன்

இந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி சுரங்கத்தைவிட மிகவும் பழையது. பிரெஞ்சு இயற்கை அறிஞர் பியர் சொன்னேரா 1781இல் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்து, அவற்றைப் பற்றி எழுதினார். விழுப்புரம் மாவட்டத்தில் இப்போது தேசியக் கல்மரப் பூங்காவாக இருப்பது அந்த இடமே. அந்த மரங்கள் புதைந்து கிடந்த பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். நெய்வேலியில் கரிப் படுகைக்கு மேல் கனமாக மூடிக் கிடப்பதும் அதே மணற்கல் தொகுதி. ஒரே வட்டாரத்தில் பழங்காலத் தாவரம் ஓரிடத்தில் கல்லாகவும் இன்னோரிடத்தில் கரியாகவும் மாறியிருக்கிறது. பிற்காலத்தில் ஜெர்மானிய இயந்திரங்களைத் திணறவைத்ததும் இந்த மணற்கல்தான்.

1880களில் புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் ஊற்றுக் கிணறுகளுக்காகத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பதிவுகளில் அந்தச் செய்தி ஏறியது. ஏறியதோடு சரி. கரியின் விரிவு எவ்வளவு, எடுக்க முடியுமா என்று தொடர்ந்து தேட அப்போது யாரும் முனையவில்லை. இந்த வட்டாரத்துக் கரி முதலில் கண்ணில் பட்டதே தண்ணீர் தேடியவர்களின் கண்ணில்தான்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியின் மிக வியப்பான புகைப்படச் செய்தி பிறந்திருந்தது. நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. அவரைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற புகைப்படக்காரர் வந்தார் என்றும், எட்டு முறை எடுத்தும் வெள்ளாடை மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்றும் அன்பர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தத் தகடுகள் எதுவும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. வீடுதோறும் மாட்டியிருக்கும் வள்ளலார் உருவம் ஓவியரின் கைவண்ணம். 1874இல் மேட்டுக்குப்பத்து அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டவர் பிறகு காணப்படவில்லை என்ற செய்தியோ, பக்திநூல்களில் மட்டுமல்லாமல் டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரிலும் இருக்கிறது. உருவத்தைப் பதிய முடியாத புகைப்படத்தையும், மறைவைப் பதிந்த அரசு ஆவணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இந்த வட்டார வரலாற்றை அறிய விரும்புவோருக்கு நல்ல தொடக்கம்.

கிணற்றில் வந்த கறுப்பு

1934–35 வாக்கில், நெய்வேலியில் பெருநிலக்கிழாராக இருந்த டி. எம். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்துக்காகக் கிணறு தோண்ட ஏற்பாடு செய்தார். தண்ணீரோடு கரிய பொருளும் மேலே வந்தது. அவர் அதை ஒதுக்கிப் போடாமல் அரசுக்குத் தெரிவித்தார். பின்னர் திட்டத்துக்காகத் தம் நிலத்தில் 620 ஏக்கரைக் கொடையாகக் கொடுத்தார் என்று நெய்வேலியில் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். கிணற்றில் மண்வெட்டியும் துளையிடும் குழாயுமாக நின்ற கூலியாட்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தக் கரியை முதலில் கையில் அள்ளிப் பார்த்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

1940களின் தொடக்கத்தில் சென்னையின் பின்னி நிறுவனம் அஜீஸ் நகர்ப் பக்கம் சில துளைகள் இட்டுப் பார்த்தது. அஜீஸ் நகருக்குத் தனி வரலாறு உண்டு. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், சில சாதியினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று எழுதிவைத்து, குடும்பத்தோடு கொண்டுவந்து அடைத்துவைத்த குடியிருப்பு அது. நெய்வேலியின் தொழில் வரலாற்றில் அஜீஸ் நகர் ஒரு துளையிட்ட இடமாக மட்டும் வருகிறது. அங்கே அன்றாடம் ஆஜர் கொடுத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர்களைப் பற்றி அந்த வரலாறு வாய் திறப்பதில்லை. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உலகப் போர்க் காலத்தில் நிலவியல் ஆய்வுத்துறை முறையாகத் துளையிட்டது. 1949 முதல் 1951 வரை சென்னை அரசின் சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் தலைமையில் நடந்த விரிவான துளையிடல்தான், கரி பெருமளவில் இருக்கிறது என்பதை உறுதி செய்தது. 1953இல் சோதனைக் குழி வெட்டப்பட்டது. லண்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. காமராசர் முதலமைச்சராக இருந்து திட்டத்தை விடாப்பிடியாக முன்னே தள்ளினார்.

அடியிலிருந்து முட்டும் நீர்

கரி இருப்பது தெரிந்த பிறகும் ஏன் இத்தனை ஆண்டு? விடை கரிக்கு அடியில் இருந்தது. படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் பரந்து கிடக்கிறது. அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. மேலே 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்கல்லும் உட்கார்ந்திருக்கும் வரை அந்த நீர் அடங்கிக் கிடக்கும். மேல்மண்ணை அகற்றினால் பாரம் குறையும். நீர் கரிப் படுகையைப் பிளந்துகொண்டு குழிக்குள் சீறிவரும். ஆகவே தோண்டத் தொடங்கும் முன்பே குழியைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். தோண்டும் காலம் முழுவதும், பகலும் இரவும், தீபாவளியும் பொங்கலும் பாராமல், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரிக்குச் சுமார் 13 டன் தண்ணீர் என்பது நெய்வேலியில் நெடுங்காலம் சொல்லப்பட்ட கணக்கு. கரிச் சுரங்கம் என்று பெயர். எடை போட்டால் அதிகம் எடுத்தது தண்ணீர்.

இவ்வளவு முக்கியமான இறைப்பு, பழைய படங்களில் ஏறக்குறைய இல்லை. ஒரு குழாய், அதன் வாயிலிருந்து கொட்டும் நீர், பக்கத்தில் ஒரு மோட்டார்க் கொட்டகை என்றால் படக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? சக்கர இயந்திரத்தின் பக்கமே அவர் கேமரா திரும்பியது. அந்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் போனது, மிச்சம் வாய்க்கால் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்குப் பாய்ந்தது. சென்னை வறண்டுபோன 2017இலும் 2019இலும் நெய்வேலித் தண்ணீர் சென்னைக்கும் போயிற்று. சுற்றுவட்டார விவசாயிகளோ தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு கீழே போவதாக முறையிட்டு வருகிறார்கள். வாலாஜா ஏரிப் பாசனக்காரருக்கு வரவான தண்ணீரே சுரங்கத்தை ஒட்டியுள்ள ஊர்க்காரருக்கு இழப்பானது.

1957 மே 20

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று பதிவானது. அது நேருவின் பிறந்தநாள். அடுத்த ஆண்டு மே 20 அன்று அவரே வந்து சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். நெய்வேலியின் பெயரோடு அதிகம் அச்சான படங்கள் அந்த நாளைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்ப்பவர்கள் கவனிக்க மறப்பது ஒன்று உண்டு: அன்று கரி ஒரு பிடிகூட வெட்டப்படவில்லை. மேல்மண்ணை அகற்றவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கரிப் படுகை வெளியே தெரிந்தது 1961 ஆகஸ்டில். முறையான உற்பத்தி 1962இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே வேலை செய்தவர்கள் கரியே காணாத கரிச் சுரங்கத்தில் செம்மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் படத்தில் தெரியாது. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் நெய்வேலியில் இரு முகாம்களும் ஒரே வேலியின் உள்ளே வேலை செய்தன. திட்ட அறிக்கை பிரிட்டனுடையது. வெட்டும் இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்தக் கரியை எரித்த அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்குக் கொடுத்த கடனில் நெய்வேலியும் ஒரு பங்கு. பெர்லினில் 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்தது. அதே மாதம் நெய்வேலியில் ஜெர்மானிய இயந்திரங்கள் தோண்டிய குழியில், ரஷ்யக் கொதிகலனில் எரியப்போகும் கரி வெளிப்பட்டது. முதல் 50 மெகாவாட் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது.

சக்கரத்தின் பல்

சக்கர இயந்திரத்தை நெய்வேலியில் எல்லோரும் ‘பக்கெட் வீல்’ என்றே சொல்வார்கள். நீண்ட கையின் முனையில் சுழலும் பெரிய சக்கரம். அதன் விளிம்பு முழுக்க வாளிகள். ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் எஃகுப் பற்கள். சக்கரம் சுழலும்போது பற்கள் மண்ணைக் கீறி வாளியில் நிரப்பும். வாளி உச்சிக்கு வந்ததும் மண் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். பெல்ட் அதைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய் ஸ்பிரெடரிடம் சேர்க்கும். ஸ்பிரெடர், கரி எடுத்து முடிந்த பழைய குழியில் அதைப் பரப்பும். தொடக்கத்தில் வந்தவை 350 லிட்டர், 700 லிட்டர் வாளிகள். 1400 லிட்டர் வாளிகள் பின்னாளில் வந்தன.

ஜெர்மனியின் மெத்தென்ற மண்ணுக்குப் பழகிய இந்த இயந்திரம், கடலூர் மணற்கல்லில் பல்லைக் கொடுத்துத் தேய்ந்தது. எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகப் பற்கள் மழுங்கின. கடைசியில் மணற்கல்லில் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்திய பிறகே சக்கரத்தை உள்ளே விடுவது என்று ஆயிற்று. பழைய படங்களில் சக்கரத்தின் கம்பீரம் மட்டும் தெரிகிறது. தேய்ந்த பல்லைக் கழற்றிப் புதுப் பல்லை மாட்டிய ஷிப்டு ஆட்களை யாராவது படம் எடுத்திருந்தால் அதுவே நெய்வேலியின் ஆகச் சிறந்த புகைப்படமாக இருந்திருக்கும்.

லெக்கோ

நெய்வேலியைப் பார்க்காதவர்கள்கூட அதைத் தொட்டுப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டிகளாக்கி, சுட்டுக் கரியாக்கி, ‘லெக்கோ’ என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றார்கள். சமையல் எரிவாயு எல்லோருக்கும் கிடைக்காத நாட்களில் தமிழ்நாட்டுக் கும்முட்டி அடுப்புகளில் லெக்கோ எரிந்தது. பற்றிக்கொள்ள நேரம் பிடிக்கும். பற்றிவிட்டால் புகை குறைவு, நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்யும் ஆலையும் 1966இல் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டுமே இன்று இல்லை. லெக்கோ இருந்த சமையலறையின் படம் ஏதேனும் குடும்ப ஆல்பத்தில் இருந்தால், அது எந்த விழாப் படத்துக்கும் குறைந்த ஆவணம் அல்ல.

வளையமாதேவி

திட்டத்துக்காக ஊரைவிட்டு எழுந்தவர்களின் வீடும் கோயிலும் களமும் பெரும்பாலும் படமாகாமலேயே சுரங்கத்துக்குள் போயின. அன்று கிராமத்தில் கேமரா கிடையாது; கேமரா வைத்திருந்தவர்கள் விழாவுக்கு வந்தவர்கள். 2023 ஜூலையில் நிலைமை வேறு. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட, வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். உழுதவர்கள் நட்டவர்கள் கையில் கைபேசி இருந்தது. மடங்கிக் கிடந்த பயிரின் படங்கள் அன்றே தமிழ்நாடு முழுக்கப் பரவின. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி அந்தக் காட்சி குறித்து வேதனையோடு பேசினார்; பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. 1957இல் எடுத்த படங்களில் இல்லாத மனிதர்கள் இந்தப் படங்களில் தாங்களே எடுத்தவர்களாக இருக்கிறார்கள்.

படத்தின் காலத்தைக் கணிக்க

நெய்வேலிப் படங்கள் பல, தேதியோ இடமோ எழுதாமல் கைமாறுகின்றன. சில அடையாளங்கள் உதவும். 1953இன் சோதனைக் குழியை விலக்கிவிட்டால், பெரிய சுரங்கத்தில் செம்மண் மட்டும் தெரிந்து கரிய அடுக்கு இல்லாத படம் 1961 ஆகஸ்டுக்கு முந்தியது. பின்னணியில் அனல்மின் நிலையம் முழு உருவில், 600 மெகாவாட்டுக்கான ஒன்பது அலகுகளோடு தெரிந்தால் 1970ஐ ஒட்டியோ பிந்தியோ எடுத்தது. வாளிகள் மிகப் பெரியவையாக இருந்தால் இரண்டாம் சுரங்கக் காலத்தை, அதாவது 1980களையும் அதற்குப் பின்னும், நினைக்கலாம்.   2020 செப்டம்பர் இறுதியில் சோவியத் காலத்து முதல் அனல்மின் நிலையம் உற்பத்தியை நிறுத்தியது. எனவே அதன் புகைபோக்கிகள் புகைவிடும் எந்தப் படமும் 2020க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.