மின்னை ஈவதும் மின்னை உண்பதும்

அட்டனை அடுத்த நோர்ட்டன் பிரிட்ஜில் கெகல்கமு ஓயா ஆற்றை அணையிட்டுத் தடுத்து, அந்நீரின் வீழ்ச்சியால் லக்சபான நிலையம் 1950இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்த திட்டம் அது. நிலையம் மின்சாரத்தை ஈகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் இயந்திரமோ மின்சாரத்தை உண்டு உழைக்கிறது. அணுவியலிலும் இத்தகைய இருவகைக் கருவிகள் உள. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவோர் பலர்.

உண்ணும் வகையைச் சேர்ந்தது துகள்முடுக்கி. 1932இல் கேம்பிரிட்ஜில் கொக்ரொப்ட், வால்டன் என்னும் இருவர் உயர் மின்னழுத்தத்தால் புரோத்தன்களை விரையச் செய்து, லிதியத்தின் அணுக்கருவைப் பிளந்தனர். இன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இவ்வகைக் கருவிகள் பயன்படுகின்றன. மின்சாரத்தை நிறுத்தினால் துகள்களின் பாய்ச்சலும் அக்கணமே நின்றுவிடும்.

ஈயும் வகையைச் சேர்ந்தது அணுவுலை. யுரேனியக் கரு ஒன்று பிளவுறும்போது வெளிப்படும் நியூத்திரன்கள் வேறு கருக்களைப் பிளக்கின்றன. இத்தொடர்வினையை 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிக்காகோவில் பெர்மியின் குழுவினர் முதன்முதல் நிகழ்த்திக் காட்டினர். அதன் வெப்பம் நீரை ஆவியாக்கி மின்சாரம் பிறப்பிக்கும். ஆயின் தொடர்வினையை நிறுத்திய பின்னரும், பிளவில் எஞ்சிய பொருள்கள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டேயிருக்கும். 2011இல் ஜப்பானின் புக்குசிமாவில் ஆழிப்பேரலை தாக்கியபோது, நின்றுவிட்ட உலைகளுக்குக் குளிர்நீர் செலுத்த மின்சாரமின்றி எரிபொருள் உருகிற்று.

விளக்கை அணைத்தால் உடனே இருள்கிறது. அடுப்பை அணைத்தாலும் தணல் நெடுநேரம் கனல்கிறது. முடுக்கி விளக்கினைப் போன்றது; உலை அடுப்பினைப் போன்றது.