பயில்வான் காமா தரும் படிப்பினை



சண்டைக் கலை என்றவுடன் நம் இளைஞர்களின் உள்ளத்தில் முதலில் தோன்றுவது காற்றில் சுழலும் கால்களும் மின்னலெனப் பாயும் கைகளுமேயாகும். தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா போன்ற நம் மலையக நகரங்களிலும் கராத்தே முதலிய கலைகளின்பால் ஆர்வங்கொண்ட பிள்ளைகள் உள்ளனர். எந்த அடியைக் கற்றால் எதிரி வீழ்வான் என்று வினவுவோர் அவர்களுட் பலர். எதிரி வீழும்வரை என் மூச்சு நிலைக்குமா என்று வினவுவோரோ மிகச் சிலர். ஆனால், போர்க்கலைகளின் வரலாறு இந்த இரண்டாவது கேள்விக்கே முதலிடம் வழங்கியுள்ளது.

கேரளத்தின் களரிப்பயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மாணவனின் கையில் வாளை உடனே கொடுத்துவிடுவதில்லை. முதற்படி மெய்த்தாரி எனப்படும் உடற்பயிற்சியாகும். உடல் வளைந்து, நிமிர்ந்து, உறுதிபெற்ற பின்னரே கோல் வருகிறது. அதன் பின்னரே வாளும் கேடயமும் வருகின்றன. ஆயுதத்திற்கு முன் உடல் என்பதே அந்த ஆசான்கள் வகுத்த ஒழுங்கு. அவ்வொழுங்கின் பெறுமதியைத் தம் வாழ்வினால் உலகுக்கே எடுத்துக்காட்டிய ஒருவர் வட இந்தியாவிலே வாழ்ந்தார். அவரே பயில்வான் காமா.

குலாம் முஹம்மத் பக்ஷ் என்பது அவரது இயற்பெயர். 1878ஆம் ஆண்டு அமிர்தசரஸில் மல்யுத்தக் குடும்பமொன்றிலே பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை, மல்லர்களான தாய்வழி உறவினரே வளர்த்துப் பயிற்றுவித்தனர். 1888ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டியை நடத்தினார். அது ஒருவரை ஒருவர் வீழ்த்தும் போட்டியன்று. பைட்டக் எனப்படும் உட்கார்ந்தெழும் பயிற்சியை யார் நீண்ட நேரம் தாக்குப்பிடித்துச் செய்வார் என்று பார்க்கும் போட்டியாகும். நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்ட அப்போட்டியின் இறுதியில் எஞ்சிய பதினைந்து பேரில் பத்து வயதுச் சிறுவர் காமாவும் ஒருவராக இருந்தார். மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார். ஒருவரைக்கூட வீழ்த்தாமலே அவர் பெற்ற முதற் பெரும் புகழ் இதுவாகும்!

அதன் பின்னர் காமாவின் வாழ்வு பயிற்சியே தவமாக அமைந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான தண்டால்களும் உட்கார்ந்தெழும் பயிற்சிகளும் செய்தார். பல மல்லர்களுடன் மாறி மாறிப் பொருதினார். மல்யுத்தக் களத்தின் மண்ணைக் கொத்திப் புரட்டுவதே அம்மரபில் ஒரு பயிற்சியாகும். நாள் முழுதும் மலைச்சரிவிலே முள்ளுக்குத்தும் நம் தோட்டத் தொழிலாளிக்கு அதன் கடுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. தோளும் முதுகும் இடுப்பும் ஒருங்கே இயங்க, மூச்சு சீராகப் பழகும் உழைப்பு அது.

இந்த உழைப்பு எங்கே பயன் தந்தது? காமாவின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழங்குலமே. ஏழடியை எட்டும் உயரமுடைய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுடன் இளம் வயதில் அவர் பொருதியபோது, அப்பெரும் மல்லரால் அவரை வீழ்த்த முடியவில்லை. போட்டி சமநிலையில் முடிந்தது. 1910ஆம் ஆண்டு காமா இலண்டன் சென்றார். உயரம் போதாதென்று அங்கே அவருக்கு முதலில் வாய்ப்பு மறுக்கப்பட்டது. எந்த எடையுடைய மல்லரும் வரலாம் என்று அவர் அறைகூவல் விடுத்தார். ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை இருமுறை வீழ்த்தினார். செப்டெம்பர் 10ஆம் திகதி போலந்தின் புகழ்பெற்ற மல்லரான ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். தொடக்கத்திலேயே கீழே தள்ளப்பட்ட ஸ்பிஸ்கோ, தரையோடு தரையாகக் கிடந்து தம்மைக் காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாக நீடித்த அப்போட்டி முடிவின்றி நின்றது. மீண்டும் பொருதுவதற்குக் குறிக்கப்பட்ட 17ஆம் திகதி ஸ்பிஸ்கோ களத்திற்கு வரவேயில்லை. காமா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

சிந்தித்துப் பாருங்கள்! இரண்டரை மணி நேரம் ஒரு மனிதன் தன்னைவிடப் பருத்த உடலை அழுத்திப் பிடித்து, புரட்ட முயன்றுகொண்டே இருப்பதென்றால் அது பிடிகளின் நுணுக்கத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமா? மூச்சு வாங்கத் தொடங்கியதும் முதலில் தாழ்வது கை. அடுத்துத் தளர்வது கால். அதன்பின் குழம்புவது அறிவு. களைத்த உடலில் கற்ற வித்தை தங்குவதில்லை. 1928ஆம் ஆண்டு பட்டியாலாவில் அவ்விருவரும் மீண்டும் மோதியபோது காமா ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். ஒரு நிமிடம் நிறைவதற்குள் ஸ்பிஸ்கோ வீழ்ந்தார். முதுமையின் வாசலிலும் அந்த உடல் ஆயத்தமாகவே இருந்தது.

இங்கே பெற்றோரும் பயிற்றுநரும் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. காமாவின் பயிற்சிக்குப் பின்னால் பாலும், நெய்யும், பாதாமும், இறைச்சிச் சாறும் இருந்தன. அவற்றை வழங்க மன்னர்களின் ஆதரவும் இருந்தது. நம் தோட்டப்புறங்களின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களிலோ அது நூற்றுக்கு ஏறத்தாழ 32 ஆக இருந்தது. காலையில் வெறும் சாயத் தேநீரைக் குடித்துவிட்டு வரும் பிள்ளையிடம் நூறு உதைகளைக் கேட்பது பயிற்சியாகாது. பருப்பு, முட்டை, கீரை, கடலை என இயன்றதைக் கொடுத்து, போதிய உறக்கத்தையும் உறுதிசெய்த பின்னரே ஓட்டமும் தண்டாலும் வரவேண்டும். அடியும் பிடியும் அதற்கும் பின்னரே. ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள நம் ஊரின் மேட்டுப் பாதைகளே போதுமான பயிற்சிக்களமாகும், அவற்றுக்குக் கட்டணமில்லை.

எனினும், இவ்வளவு பாடுபட்டுப் பெறும் வலிமை எதற்காக? குறைஷிகளின் பெயர்பெற்ற மல்லரான ருகானாவுடன் நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. அதே நபியவர்கள்தாம், பிறரை வீழ்த்துபவனல்ல, கோபம் பொங்கும் வேளையில் தன்னை அடக்கிக்கொள்பவனே உண்மையான வீரன் என்ற கருத்தையும் நமக்குக் கற்பித்தார்கள். வலிமையை அவர்கள் வெறுக்கவில்லை, அதற்குக் கடிவாளமிட்டார்கள்.

1947ஆம் ஆண்டு பிரிவினையின்போது காமா லாகூரில் வசித்தார். தெருக்களில் இரத்தம் ஓடிய அந்நாட்களில், தம் குடியிருப்பிலிருந்த இந்து அயலவர்களைத் தாக்கவந்த கும்பலை அவர் முன்னின்று தடுத்தார் என்றும், பின்னர் அவர்களைப் பாதுகாப்பாக வழியனுப்பி வைத்தார் என்றும் அவரது குடும்பத்தார் கூறிவந்துள்ளனர். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. அந்த வயதிலும் ஒரு கும்பல் அவர்முன் தயங்கி நின்றதென்றால், அதற்கு அடித்தளமிட்டது ஜோத்பூரில் உட்கார்ந்தெழுந்த அந்தப் பத்து வயதுக் கால்களேயாகும். 1960ஆம் ஆண்டு அவர் லாகூரில் காலமானார்.

1977, 1983, 2018 எனக் கலவரங்களின் வடுக்களைச் சுமந்து நிற்கும் இம்மலைநாட்டிலே, அயலவனின் வாசலில் அரணாக நிற்கும் உடலும், கை ஓங்காத உள்ளமும் நம் பிள்ளைகளுக்கு ஒருசேரத் தேவை. இளைஞனே! நாளை அதிகாலையிலேயே எழுந்து உன் ஊர் மேட்டை ஒருமுறை ஓடி ஏறு. வித்தையைப் பிறகு கற்கலாம்.