ஆறு நாள் கோட்டையும் எட்டணா டிக்கெட்டும்

கோவில்பட்டியில் எனக்குக் கமிஷன் கடை. உளுந்து, பாசி, கம்பு வாங்கி விற்கிறேன். ஆனால் யாவாரம் கற்றது அய்யாவின் காட்டில்தான். ஐப்பசி மழைக்குக் காத்திருக்க மாட்டார். புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார். மழை விழுந்துவிட்டால் கரிசலில் மாடு இறங்காது, மனுசன் காலையும் விடாது.

பேரன் எம்.பி.ஏ. படிக்கிறான். ஜான் பாய்டு என்ற அமெரிக்க விமானப்படைக் கர்னலைப் பற்றிப் பாடமாம். பார், நிலைமையைப் புரிந்துகொள், முடிவெடு, செய்; எதிராளி ஒரு சுற்று முடிக்குமுன் நீ அடுத்த சுற்றில் இரு. சண்டை விமானிக்குச் சொன்னதை இப்போது சோப்பு விற்கிறவனுக்கும் சொல்கிறார்கள். "இது நம்ம பக்கத்துச் சங்கதிடா" என்றேன்.

1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2-ல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்தில் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தால், கோட்டை எழும்பி நிற்கிறது! ஆறே நாள் வேலை என்பார்கள். கல்லுக்கு அலையவில்லை, காலடி மண்ணே போதும். வந்த படை திரும்பியது. மார்ச் கடைசியில் மோதியும் தோற்றது. கும்பெனியார் ஆளும் பீரங்கியும் சேர்த்து வந்து, மே 24-ல்தான் பிடித்தார்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஒட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த ஊர். 1906 அக்டோபரில் அவர் பதிவு செய்த சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு தடத்தை வெள்ளைக்காரக் கம்பெனி கையில் வைத்திருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு வாடகைக்குக் கப்பல் கொடுத்தவரை மிரட்டி, கப்பலைத் திரும்ப வாங்க வைத்தார்கள். இவர் உடனே இலங்கையிலிருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சொந்தக் கப்பலுக்கு ஏற்பாடு. 1907-ல் காலியா, லாவோ இரண்டும் தூத்துக்குடிக்கு வந்துவிட்டன. வெள்ளைக்காரன் டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கினான். இவர் எட்டணா என்றார். அவன் காசே வேண்டாம், ஏறினால் குடையும் இனாம் என்றான்.

இந்த இடத்தில்தான் எனக்கு அய்யாவின் விதைக் குலுக்கை ஞாபகம் வரும். புழுதி விதைப்புக்குப் போகுமுன் கொஞ்சம் விதையை அதில் ஒதுக்கிவிடுவார். மழை ஏமாற்றினால் மறுவிதைப்பு வேண்டுமே. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வேறு எத்தனையோ தடங்களில் வருமானம். ஒரு தடத்தில் குடை கொடுத்து நஷ்டப்பட அதற்கு முடியும். இங்கே இருந்தது 25 ரூபாய்ப் பங்குக்காரர்களின் பணம். போதாததற்கு அரசாங்கமும் அவன் பக்கம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள்.

விடுதலையாகி, பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தபின், சில வருசம் இந்தக் கோவில்பட்டியில்தான் வக்கீலாக இருந்தார். கொடுக்கல் வாங்கல் வழக்குகளோடு எங்கள் தாத்தா காலத்துக் கடைக்காரர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.